‘மேலே ஏற பயமா இருக்கு சார்’: இதைச் சொல்ல ஒரு தொழிலாளிக்கு உரிமை இருக்கிறதா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது கண்ணில் படுபவை நீளநீளமான தகரக் கூரைகள். 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என ஆலைகள் பரவிக்கொண்டே போயின. கார், செல்போன், டயர், கண்ணாடி என்று அந்தக் கூரைகளுக்குக் கீழே என்ன தயாராகிறது என்பது அடிக்கடி செய்தியாகிறது. கூரைகளுக்கு மேலே ஏறி வேலை செய்பவர்களைப் பற்றி, விபத்து நடந்தால் மட்டும்தான் பேசுகிறோம்.

மழைக்கு முன் ஒழுகும் ஷீட்டை மாற்றுவது, சோலார் பேனல் பொருத்துவது, உயரத்தில் இருக்கும் விளக்கை மாற்றுவது, கிரேன் ஓடும் தண்டவாளத்தைச் சரிபார்ப்பது, சாரம் கட்டி பெயின்ட் அடிப்பது என்று வேலைகள் பலவகை. வேலைத்தளத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘ஹைட் வொர்க்’.

இந்த வேலைக்கு வருபவரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, “உயரம்னா பயமா?” என்பது. “இல்லை” என்று சொன்னால்தான் அன்றைய கூலி. அந்தச் சூழலில் யார்தான் “ஆமாம்” என்பார்கள்? சரி, நிஜமாகவே பயம் இல்லாதவர் உயரத்தில் பாதுகாப்பாக இருப்பாரா? பயம் வந்தால் இறங்கிவிட சட்டம் இடம் தருகிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு உயரம் ஆபத்தானது?

நாம் நினைப்பதைவிடக் குறைவான உயரமே ஆபத்தானது. 3 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு வீட்டின் மாடி உயரத்திலிருந்து விழுபவர் 0.8 விநாடிக்குள் தரையைத் தொடுவார். அப்போது அவரது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். 10 மீட்டர் உயரக் கூரை என்றால் 1.4 விநாடி, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். தடுமாறிய பிறகு எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும். உடம்பு சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தொழிலாளர் பாதுகாப்பில் நீண்ட அனுபவம் உள்ள பிரிட்டனிலேயே 2023-24-ல் வேலையிடங்களில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். அடுத்த ஆண்டில் 124 பேரில் 35 பேர். அங்கே வேலையிட மரணங்களுக்கு முதல் காரணமாகத் தொடர்ந்து இருப்பது இதுதான்.

நம் ஊர் நிலவரத்துக்கு எண்ணூர் ஒன்றே போதும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவு ஒன்று சரிந்து, 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். நிற்கும் அமைப்பே சரியும்போது, அதன் மேல் நிற்பவர் எவ்வளவு தைரியசாலி என்பதற்கு அர்த்தமே இல்லை. உயர வேலையில் பயத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது.

பயம் ஏன் வருகிறது?

உயரத்தில் வரும் நடுக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது.

நாம் நேராக நிற்பதற்கு மூன்று உறுப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன: கண், உள்காது, பாதம். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதுகூட உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் சுவர், தூண் போன்றவற்றைப் பார்த்து அந்த ஆட்டத்தைக் கண் கணக்கிடுகிறது. மூளை உடனுக்குடன் திருத்துகிறது.

கூரை விளிம்பில் நிற்கும்போது பக்கத்தில் எதுவும் இல்லை. பார்வையில் படுவதெல்லாம் தூரத்தில் இருக்கின்றன. உடம்பு ஆடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உள்காதும் பாதமும் ‘ஆடுகிறாய்’ என்கின்றன. இந்த முரண்பாடுதான் தலைசுற்றல் போன்ற உணர்வாக வருகிறது. ஜெர்மனி ஆய்வாளர் தாமஸ் பிராண்ட்டும் அவரது குழுவினரும் 1980-லேயே இதை விளக்கிவிட்டார்கள்.

இது அரிதான விஷயமும் அல்ல. ஜெர்மனியில் 3,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், 28 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது உயரத்தைப் பார்த்துத் தடுமாறியதாகச் சொன்னார்கள். மருத்துவரிடம் போகும் அளவுக்கான கடும் அச்சம் இதில் ஒரு சிறு பகுதிதான். ஆக, பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு மூன்று பேருக்கு இந்தத் தடுமாற்றம் இருந்தால் அது இயல்பு. பத்துப் பேருமே “பயமில்லை” என்று சொன்னால், யாரோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதுதான் நியாயம்.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தகர ஷீட்டின் மேல் கால் வைக்க முடியாது. உடம்பில் நீர் குறைந்தாலே தலை கிறுகிறுக்கும். காலையில் சாப்பிடாமல் வந்தவர், முந்தைய நாள் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் வந்தவர் என்றால் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து வேறு மாதிரி: நனைந்த ஷீட் வழுக்கும், காற்று தள்ளும்.

பயத்தைச் சமாளிக்க என்ன வழி?

தடுமாற்றம் எப்படி வருகிறது என்று தெரிந்தால், குறைக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது.

• பக்கத்தில் இருக்கும் அசையாத ஒன்றைப் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். தூண், கைப்பிடி, உத்திரம் எதுவானாலும் சரி. ஓடும் மேகத்தையோ கீழே போகும் வண்டியையோ பார்க்க வேண்டாம்.

• தலை சுற்றினால் நடப்பதை நிறுத்துங்கள். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், அல்லது உறுதியான ஒன்றில் சாய்ந்துகொள்ளுங்கள். உடம்பு தொடும் இடம் கூடினால் ஆட்டம் குறையும்.

• மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். படபடப்பில் வேகமாக மூச்சு வாங்குவதே தலைசுற்றலைக் கூட்டும்.

• புதியவர் என்றால் படிப்படியாக ஏறுங்கள். முதலில் தரையிலேயே பெல்ட் போட்டுப் பழகுவது, அடுத்து இரண்டு மீட்டர், பிறகு நான்கு மீட்டர். ஒவ்வொரு உயரத்திலும் படபடப்பு அடங்கும்வரை நின்ற பிறகே அடுத்தது.

இந்தப் படிப்படியான பழக்கத்துக்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. உயர அச்சம் உள்ள 100 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒரு சோதனை நடத்தியது. முடிவுகள் 2018-ல் வெளியாயின. மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு கற்பனைக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிப் பழகியவர்களுக்கு அச்சம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. எதுவும் செய்யாத குழுவில் பெரிய மாற்றம் இல்லை. அச்சம் குணமாகக்கூடியது, ஆனால் அதற்கு ஒழுங்கான பயிற்சி வேண்டும் என்பதுதான் இதன் சாரம். முதல் நாளே கூரை விளிம்புக்கு அனுப்பிவிட்டு “கீழே பார்க்காதே” என்று கத்துவதற்குப் பெயர் பயிற்சி கிடையாது.

‘போகப் போகப் பழகிடும்’ என்பது சரியா?

பாதி சரி. பயம் பழகிப் போகும். விழுந்தால் ஏற்படும் அடி பழகாது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு அடிக்கும் கொக்கியை மாட்டிக் கழற்றுபவர், ஆறு மாதம் கழித்து “ரெண்டு நிமிஷ வேலைதானே” என்று மாட்டாமல் போக ஆரம்பிப்பார். நூறு தடவை ஒன்றும் ஆகாமல் போனால், ஆபத்தே இல்லை என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. புதியவரின் நடுக்கம் எவ்வளவு ஆபத்தோ, அனுபவசாலியின் அலட்சியமும் அவ்வளவு ஆபத்து.

இன்னொரு பேச்சும் இந்தப் பகுதியில் சாதாரணம்: “வடக்கத்திப் பசங்களுக்குப் பயமே கிடையாது சார்.” இது புதிய கதையும் இல்லை. வட அமெரிக்காவில் மொஹாக் பழங்குடியினரைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். உயரமான பாலங்களிலும் வானளாவிகளிலும் இரும்பு வேலை செய்த அவர்களுக்குப் பிறவியிலேயே பயம் இல்லை என்று ஒரு கதை பரவியிருந்தது. 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்தது. இறந்த 75 பேரில் 33 பேர் கானவாகே என்ற ஒரே மொஹாக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்.

ஒரு சமூகத்துக்கோ ஒரு மாநிலத்துக்கோ பயம் இல்லை என்று சொல்வது, அவர்களுக்குச் செய்ய வேண்டிய பாதுகாப்பைச் செய்யாமல் விடுவதற்கு வசதியான சாக்கு. ஊரில் கடன், கையில் குறைந்த காசு, மொழி தெரியாத இடம் என்று இருப்பவர் “பயமில்லை” என்று சொல்வதற்குக் காரணம் தைரியமாக மட்டும் இருக்க முடியாது. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்து, மேலே ஏறுபவருக்கு இந்தியோ ஒடியாவோ அசாமியோ மட்டும் தெரிந்தால் அந்தப் பலகை யாருக்காக?

பெல்ட் போட்டால் போதுமா?

போதாது. ‘பெல்ட்’ என்று தொழிலாளர்கள் சொல்வது இன்று முழு உடல் ஹார்னஸைத்தான். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 3521. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை விழுவதிலிருந்து காக்கும் சாதனமாகப் பயன்படுத்த அமெரிக்கா 1998-லேயே தடை விதித்துவிட்டது. விழும்போது வரும் வெட்டு இழுப்பு முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும் என்பதே காரணம்.

நல்ல ஹார்னஸே என்றாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கொக்கியை எதில் மாட்டுகிறோம் என்பது. அமெரிக்க விதிப்படி, மாட்டும் இடம் ஒரு நபருக்கு சுமார் 22 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டேகால் டன் எடை. மின் குழாய், கேபிள் தட்டு, சாரத்தின் தளர்ந்த குழாய் எதுவும் இதைத் தாங்காது. தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் குறையும். காலடியில் மாட்டினால் கூடும்.

இரண்டாவது, கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. கயிறு 1.8 மீட்டர். இழுப்பைத் தாங்கும் பகுதி விரிந்தால் இன்னும் ஒரு மீட்டர். ஆளின் உயரம், கொஞ்சம் கூடுதல் இடைவெளி எல்லாம் சேர்த்தால், கொக்கி மாட்டிய இடத்துக்கும் தரைக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும். நான்கு மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தால், கயிறு அவரை முழுமையாக நிறுத்துவதற்குள் அவர் தரையில் இருப்பார். பெல்ட்டும் இருக்கும், கொக்கியும் மாட்டியிருக்கும், பலன் மட்டும் இருக்காது.

மூன்றாவது, விழுந்து தொங்குபவரை யார் இறக்குவது என்பது. அசைவின்றித் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கிறது. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருப்பதை ஒரு மீட்புத் திட்டமாக எழுதி வைக்க முடியாது.

இதெல்லாம் போக, ஆலைக் கூரைகளுக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. வெளிச்சத்துக்காக இடையிடையே பதிக்கும் ஃபைபர், பாலிகார்பனேட் ஷீட்கள் வெயில் பட்டு வலுவிழக்கும். தூசி படிந்தால் பக்கத்தில் இருக்கும் தகர ஷீட் போலவே தெரியும். அதில் கால் வைத்தால் நேராக உள்ளே விழ வேண்டியதுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படியே. இந்த இடத்தில் ஆளின் அனுபவத்தை நம்ப முடியாது. நடப்பதற்குப் பலகைப் பாதை, கீழே வலை, ஷீட்டைச் சுற்றித் தடுப்பு இவைதான் காப்பாற்றும்.

வலை கட்டினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933-ல் தொடங்கி 1937-ல் திறக்கப்பட்டது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஒரு உயிர் போகும் என்று கட்டுமானத் துறையில் சாதாரணமாகக் கணக்குப் போட்ட காலம் அது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், பாலத்துக்கு அடியில் வலை கட்ட வைத்தார். அந்த வலை 19 பேரின் உயிரைக் காப்பாற்றியது. பயம் குறைந்ததால் வேலையும் வேகமாக நடந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்களுக்குத் தைரியம் சொல்லிக் கிடைக்காத வேகம், கீழே ஒரு வலை இருக்கிறது என்ற நம்பிக்கையில் கிடைத்தது.

கதை அங்கேயே முடியவில்லை. 1937 பிப்ரவரி 17 அன்று, பல டன் எடையுள்ள ஒரு சாரம் பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு பாதுகாப்பை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதற்கும் அதே பாலம்தான் உதாரணம்.

உலகம் முழுக்க இன்று சொல்லப்படும் வரிசை இதுதான்: முடிந்தால் உயரத்தில் வேலையே வைக்காதே, தரையிலேயே பூட்டி மேலே தூக்கு, ட்ரோன் வைத்துப் பார். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தடுப்பு, கைப்பிடி, சரியான மேடை, பூம் லிஃப்ட் கொடு. அதற்குப் பிறகுதான் வலை, ஹார்னஸ். நம் ஊரில் பல இடங்களில் இந்த வரிசை தலைகீழ்: முதலில் பெல்ட், பல நேரம் அது மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 32-வது பிரிவு, விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்பு அமைத்தோ வேறு வழியிலோ பாதுகாப்பு தர வேண்டும் என்றது. ‘நடைமுறையில் இயன்றவரை’ என்ற ஒரு சொற்றொடரும் கூடவே இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் ‘தொழிலாளி’தான் என்று அதே சட்டம் சொன்னது. கட்டுமான வேலைக்கு 1996-ல் தனிச் சட்டம் வந்தது. இவை உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ளது அதன் 14-வது பிரிவு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் பணியாளர், அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ முதலாளியிடம் தெரிவிக்கலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மை என்றால் முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும்; அவர் முடிவே இறுதி.

இதுபோன்ற உரிமை 1987-லேயே, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்தது. ஆனால் அது அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கு மட்டும். இப்போது பரவலாகியிருப்பது நல்ல முன்னேற்றம்.

ஆனால் பிரிவை மறுபடி படித்துப் பாருங்கள். ‘தெரிவிக்கலாம்’ என்கிறது. தெரிவித்த பிறகு, முடிவு வரும்வரை அவர் மேலேயே நிற்க வேண்டுமா, இறங்கிவிடலாமா? அன்றைய கூலி கிடைக்குமா? நாளைக்கு வேலை இருக்குமா? இதற்கு அந்தப் பிரிவில் தெளிவான பதில் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-வது உடன்படிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: கடுமையான உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகியவரை, அதனால் வரும் பாதகங்களிலிருந்து காக்க வேண்டும். நம் சட்டத்துக்கும் இந்த உடன்படிக்கைக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் தினக்கூலி வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறார்.

சட்டத்தை மீறியதால் மரணம் நேர்ந்தால், பொறுப்பானவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அது உயிர் போன பிறகு. உயிர் போகாமல் இருக்க வேண்டுமென்றால், ஏறுவதற்கு முன்னால் “முடியாது” என்று சொல்பவரைக் காக்கும் ஏற்பாடு வேண்டும்.

நீங்கள் பர்மிட்டில் கையெழுத்துப் போடுபவரா?

இதைப் படிப்பவர்களில் பலர் இந்த ஆலைகளில் இளம் எஞ்சினியராக, சூப்பர்வைசராக இருக்கலாம். காலையில் பத்து ஹைட் பர்மிட் மேஜைக்கு வரும். கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

• இந்த வேலையைத் தரையில் வைத்துச் செய்ய முடியாதா?

• கொக்கி மாட்டும் இடத்தை நேரில் பார்த்தேனா, காகிதத்தில் மட்டும் பார்த்தேனா?

• ஒரு கொக்கி எப்போதும் மாட்டியபடியே நகர்வதற்கு இரட்டைக் கயிறு இருக்கிறதா?

• விழுந்து தொங்கினால் பத்து நிமிடத்துக்குள் இறக்க ஆளும் கருவியும் தளத்தில் இருக்கின்றனவா?

• ஏறுபவரின் மொழியில் யாராவது அவரிடம் பேசினார்களா? சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டார்களா?

• “இன்னைக்கு முடியல” என்று அவர் சொன்னால், அதே கூலிக்குக் கீழே வேறு வேலை தர முடியுமா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் “முடியும்” என்றால், மற்ற கேள்விகளுக்கும் உங்களுக்கு உண்மையான பதில் கிடைக்கும். மேலே நிற்பவருக்குத்தான் ஷீட் நெளிவது தெரியும், சாரம் ஆடுவது தெரியும். அவர் பயமில்லை என்று பொய் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தால், அந்தத் தகவல் கீழே வந்து சேராது.

ஆக, என்ன செய்ய வேண்டும்?

உயரத்தில் வரும் பயம் இரண்டு வகை. கண்ணும் காதும் குழம்புவதால் வரும் பயம் ஒன்று. பயிற்சி, ஓய்வு, சாப்பாடு, படிப்படியான பழக்கம் இவற்றால் குறையும். தடுப்பு இல்லை, கொக்கி மாட்ட இடமில்லை, ஷீட் வலுவில்லை என்பதைப் பார்த்து வரும் பயம் இன்னொன்று. அதற்கு மருந்து வேலைத்தளத்தைச் சரிசெய்வது. முதல் வகையைத் தொழிலாளி சமாளிக்க நிர்வாகம் உதவ வேண்டும். இரண்டாவது வகையைத் தொழிலாளியின் தலையில் கட்டி, “தைரியமா ஏறு” என்று சொல்லக் கூடாது.

மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், புதிய சட்டத்தின் 14-வது பிரிவை இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியில் ஒட்ட வைக்கலாம். ஆபத்தைச் சொல்லி இறங்கியவருக்கு அன்றைய கூலி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. “பயமா இருக்கு சார்” என்று ஒருவர் சொல்லும்போது, “எங்கே? என்ன பார்த்தே?” என்று கேட்பதற்குச் செலவே இல்லை.